மூலம் என்று யார் பார்த்துச் சொன்னது?

மலத்தோடு ரத்தம் போனால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். புதுக்கடையில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் ‘மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு, அறுவை சிகிச்சை இல்லாமல் தீர்வு’ என்று எழுதிய சுவரோ கம்பத்தில் கட்டிய தகரமோ கண்ணில் படாமல் இருக்காது. மருந்துக்கடைப் பேச்சும் சுருக்கமாகவே முடிந்துவிடும்.

“அண்ணா, பைல்ஸுக்கு ஒரு மருந்து தாருங்க.”

“எத்தன நாளாட்டு?”

“ரெண்டு மாசமாட்டு ரெத்தம் போவுது. சூடுதான், வேற ஒண்ணுமில்ல.”

ஒரு களிம்பு, ஒரு வாரத்துக்கு மாத்திரை, காரத்தைக் குறையுங்கள் என்ற புத்திமதி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பத்துப் பேர் இப்படி வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் மூலம் என்று முடிவு கட்டும் முன்னால் அந்த இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கடைக்காரர் பார்க்கவில்லை, வீட்டுக்காரி பார்க்கவில்லை, பல நேரம் டாக்டரும் பார்ப்பதில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிவிடுகிறார். இந்த அத்தியாயத்தில் உள்ள மற்றதெல்லாம் மறந்து போனாலும், பார்க்காமல் சொன்ன மூலத்தை நம்ப வேண்டாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெருங்குடல் புற்றும் மலக்குடல் புற்றும் நம்மிடையே முற்றிய நிலையில் பிடிபடுவதற்கு, களிம்போடு கழிந்த அந்த மாதங்கள் ஒரு பெரிய காரணம்.

உள்ளே நடப்பது

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், சிறுகுடல் வந்து சேரும் இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே ஏறி, கல்லீரலுக்கு அடியில் திரும்பி, வயிற்றின் குறுக்கே ஓடி, இடப்பக்கமாக இறங்குகிறது. கடைசி 15 சென்டிமீட்டர் மலக்குடல். அதன் வாசல் ஆசனவாய்.

குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையில் எங்காவது கணக்குத் தவறினால் சிறிய சதைமுளை ஒன்று எழும்பும். அதற்குப் பாலிப் என்று பெயர். வயது ஏற ஏறப் பலருக்கும் பாலிப் வரும்; பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடக்கும். அடினோமா என்ற வகையில் ஒரு சில மட்டும் மெல்லப் பெருத்து, சென்டிமீட்டரைத் தாண்டி, குடல் சுவருக்குள் வேர் விடும். சதைமுளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். வேறெந்தப் புற்றுநோயும் இவ்வளவு தவணை கொடுப்பது அபூர்வம். இந்தப் பத்து வருடத்தில் எப்போது பிடித்தாலும் முளையை வெட்டி எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற இரண்டு டாக்டர்கள் வளையும் குழாய் வழியாகக் கம்பிக் கண்ணி போட்டுப் பாலிப்பை அறுத்து எடுத்துக் காட்டினார்கள். இன்று மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் செய்யும் கொலனோஸ்கோப்பிக்கு அதுதான் தொடக்கம்.

கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தொந்தரவும் மாறும். வலப்பக்கம் குடல் அகலம், மலமும் அங்கே கூழாகத்தான் இருக்கும். அடைப்பு சீக்கிரம் வராது. ரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துபோவதால் கண்ணுக்கும் தெரியாது. தெரிவது சோர்வுதான். கோவில் படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், உதடு வெளுக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7, 8 என்று வரும். உடனே இரும்புச் சத்து மாத்திரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எந்த வயது ஆணுக்கும் இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது சரியல்ல. ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்குக் கொக்கிப்புழுவும் காரணமாகலாம், வயிற்றுப் புண்ணும் காரணமாகலாம். அது எதுவும் இல்லையென்றால் பெருங்குடலைப் பார்த்தே ஆக வேண்டும்.

இடப்பக்கமும் மலக்குடலும் வேறு மாதிரி. இங்கே குழாய் ஒடுக்கம், மலம் கெட்டி. பல வருடமாகக் காலையில் சாயா குடித்ததும் ஒழுங்காக வெளிக்குப் போய்வந்த மனிதருக்கு அந்த ஒழுங்கு குலையும். மூன்று நாள் போகாது, நான்காம் நாள் நாலு தடவை வயிற்றால் போகும். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற உணர்வு விடாது. திரும்பப் போய் உட்கார்ந்தால் சளியும் ரத்தமும் மட்டும் வரும். மலம் ரிப்பன் போல ஒல்லியாக வரலாம். மூன்று வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்ற சமாதானம் போதாது.

மூலத்தில் பெரும்பாலும் மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், அல்லது பீய்ச்சும், வலி இருக்காது. புற்றில் ரத்தம் மலத்தோடு கலந்தும் சற்றுக் கருத்தும் சளியோடும் வருவது வழக்கம். இந்த வித்தியாசத்தை எல்லாப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள். இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்பது என் கட்சி. ஆசனவாய்க்கு அருகில் உள்ள புற்றிலும் பளிச்சென்ற ரத்தம் வரும். அதைவிட முக்கியம், ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே புற்றும் இருக்கலாம். இருபது வருடமாக மூலம் உள்ளவர்தான் இதில் அதிகம் ஏமாறுவார். பழகிப்போன ரத்தம் அல்லவா!

விரல் எட்டும் தூரம்

புதுக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு உலகப் புற்றுநோய் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கை 1908-இல் லண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதில் பெரும்பகுதி வாய்ப்புற்று. அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஓர், 1933-இல், புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவதற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை எடுத்துக் காட்டினார். கன்னத்துக்குள் வெற்றிலையை அடக்கி வைக்கும் இடத்திலேயே புண் வந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், கண்டுபிடித்தார்கள். குடலைத் திறந்து பார்க்க அன்றைக்கு வழியில்லை. எனவே அந்தக் காலத்துக் கணக்குகளில் குடல் புற்று குறைவாக இருந்ததை வைத்து நம் தாத்தாக்களுக்கு அது வரவே இல்லை என்று பெருமைப்படவும் முடியாது. ‘வயிற்றுக்கட்டி வந்து போய்ச் சேர்ந்தார்’ என்று முடிந்துபோன கதைகள் எத்தனையோ.

இன்றும் முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்க வேண்டும். டாக்டர் கையுறை மாட்டி, ஜெல் தடவி, ஆள்காட்டி விரலை ஆசனவாய்க்குள் விட்டுச் சுற்றிப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. சங்கடம் உண்டு, வெடிப்பு இல்லாவிட்டால் வலி இல்லை. விரல் ஏழெட்டு சென்டிமீட்டர் எட்டும். நம் நாட்டில் இந்த நோய் மலக்குடலில் வருவது அதிகம் என்பதால் அந்த ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மதிப்பு அதிகம். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 2013-14-இல் ஒரு வருடம் வந்த 800 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோதும் மலக்குடல் புற்றே முன்னால் நின்றது.

அதனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் ‘எனக்கு மூலம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ரத்தம் போகிறது, உள்ளே விரல் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். பெண்கள் பெண் டாக்டரையோ, ஆண் டாக்டராக இருந்தால் உடன் ஒரு நர்ஸ் நிற்பதையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது உங்கள் உரிமை. குழித்துறை அரசு ஆஸ்பத்திரியில் செய்யக்கூடிய சோதனைதான் இது. சர்ஜன் இருந்தால் பிராக்டோஸ்கோப் என்ற சிறிய குழாயையும் வைத்து மூலம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

வைத்தியரிடமும் ஆசானிடமும் போகிறவர்களைத் தடுக்க இதை எழுதவில்லை. மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் ஆயுர்வேதத்தில் காரநூல் வைத்தியம் பல காலமாக இருக்கிறது. அங்கே போவதானாலும் உள்ளே வேறொன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு போங்கள்.

யாருக்கு வரும்?

2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 19 லட்சம் பேருக்கு மேல் பெருங்குடல், மலக்குடல் புற்று புதிதாக வந்தது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் இறந்தார்கள். எண்ணிக்கையில் மூன்றாவது, சாவில் நுரையீரல் புற்றுக்கு அடுத்தபடி. இந்தியாவில் அந்த ஆண்டு புதிதாக வந்தவர்கள் சுமார் 70 ஆயிரம். இவ்வளவு பெரிய ஜனத்தொகைக்கு இது சிறிய எண்தான். 75 வயதுக்குள் இந்தியரில் 200 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வருகிறது. ஐரோப்பாவில் இதைப் போலப் பல மடங்கு. ஆனால் இந்தியா முழுக்க ஒரே மாதிரி இல்லை. நமக்குப் பக்கத்து வீடான திருவனந்தபுரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு இந்த நோயில் நாட்டின் மேல் வரிசையில் நிற்கிறது. சோறும் மீனும், வெயிலும் வேலையும் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வயதுதான் முதல் ஆபத்து. 45, 50-க்கு மேல் கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். இளைஞர்களிடம் கூடுவதைக் கண்டுதான் குறைத்தார்கள். டாடா கணக்கில் நோயாளிகளின் சராசரி வயது 47. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிறவர்களில் இளையவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பதையும் நம் நாடே இளைய நாடு என்பதையும் கழித்துப் பார்த்தாலும், ‘இது கிழவர்களுக்கு வருவது’ என்ற எண்ணம் நிற்காது. ‘பிளாக் பேந்தர்’ படத்தில் நடித்த சாட்விக் போஸ்மேன் 2020-இல் இந்த நோயால் இறந்தபோது வயது 43. நோய் தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கால்பந்தை உயிராக நினைக்கும் நம் கடற்கரைக்குப் பெலே கதை தெரியும். 2021-இல் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி தெரிந்தது. 2022 டிசம்பர் 29-இல் 82 வயதில் காலமானார். வலப்பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது குடும்பம். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நாம் சரியாகக் கேட்டு வைக்காத விஷயம் இதுதான். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பெற்ற பிள்ளை, இந்த நால்வகையில் ஒருவருக்கு இந்தப் புற்று வந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. அவருக்கு 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, இரண்டு பேருக்கு வந்திருந்தாலோ இன்னும் கூடுதல். இவர்கள் 40 வயதிலோ, குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்பாகவோ, எது முந்தியோ அப்போதே கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு 44-இல் வந்தது என்றால் தம்பிக்கு 34-இல்.

லிஞ்ச் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1895-இல் டாக்டர் வார்த்தினிடம் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லாரும் குடல் புற்றாலும் கருப்பைப் புற்றாலும் செத்தார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னாள். அவள் சொன்னபடியே நடந்தது. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் பின்னர் ஹென்றி லிஞ்ச் தொடர்ந்து ஆராய்ந்தார். டி.என்.ஏ. எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணு பழுதாவதால் வருவது அது. கவனிக்க வேண்டியது, ஒரே குடும்பத்தில் குடல் புற்றும் கருப்பைப் புற்றும் மாறி மாறி வருவது. பெரியப்பாவுக்குக் குடலில், அத்தைக்குக் கருப்பையில் என்றால் இரண்டும் தனித்தனி துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். லிஞ்ச் உறுதியானவர்கள் 20, 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை குடலைப் பார்க்க வேண்டும். இன்னொரு வகையில் பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப் முளைக்கும். எடுக்காவிட்டால் 40 வயதுக்குள் ஏதாவது ஒன்று புற்றாவது கிட்டத்தட்ட நிச்சயம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் பரிசோதனை தொடங்கும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் வழக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எம்.யு.டி.ஒய்.எச். என்ற மரபணுவில் பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று இரண்டும் பிள்ளைக்குச் சேர்ந்தால்தான் பாலிப்புகள் வரும். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும்போது ஒரே தாத்தாவின் பழுது இரண்டு வழியாக வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அப்பா அம்மாவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்திருக்கிறது என்றால் இதையும் நினைக்க வேண்டும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெரியவரைப் பிடித்து உட்கார வைத்து நோட்டில் குடும்ப மரம் போடுங்கள். அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி ஒரு பக்கம், மூன்று தலைமுறை. யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள். ‘வயிற்றுக்கட்டி’, ‘மஞ்சள் காமாலை’, ‘சாப்பிட முடியாமப் போச்சு’ என்ற பதில்கள் வரும். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் நடந்ததா, வயிற்றில் பை வைத்தார்களா என்று தோண்டுங்கள். பை வைத்தார்கள் என்ற ஒரு தகவலே டாக்டருக்குப் பாதி விவரம்.

வேறு சிலரும் உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி எட்டு வருடத்துக்கு மேல் உள்ளவர்கள். முன்பு பாலிப் எடுத்தவர்கள். சர்க்கரை நோயாளிகள். தொப்பை போட்டவர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துப் பல வருடம் ஆன பெண்கள்; இவர்களுக்கு ரத்தம் போனால் ‘கரண்டு வச்சதனால’ என்று வீட்டிலேயே முடிவு சொல்லிவிடுவார்கள். அப்படியும் இருக்கலாம், ஆனாலும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது, நாற்பது வயது. ரத்தம் பார்த்ததும் அங்கே சொன்னால் மெடிக்கலில் மாட்டி வேலை போய்விடுமோ என்ற பயம். லீவுக்கு ஊர் வந்ததும் காட்டலாம் என்று எட்டு மாதம் தள்ளுவார்கள். லீவில் கல்யாணம், வீடு பால்காய்ச்சு என்று நாள் போய்விடும். ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் கதையும் இதேதான். வீட்டுக்காரிக்கோ அம்மாவுக்கோ போனில் சொல்லியிருந்தால் அவர்களாவது விரட்டியிருப்பார்கள்.

சோறும் மண்ணும்

மரச்சீனிக்கும் மீனுக்கும் இந்த நோயில் குற்றமில்லை. சூடு என்ற கணக்கும் இங்கே செல்லாது. குற்றப் பட்டியலில் உறுதியாக இருப்பவை மதுவும் புகையும் உடல் பருமனும் உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கையும் பதப்படுத்திய இறைச்சியும். கள்ளோ, டாஸ்மாக் சரக்கோ, கொண்டுவந்த ஃபாரின் பாட்டிலோ, மது மதுதான்.

பரோட்டாவும் பீஃபும் பற்றிக் கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற வகையிலும், மாடு, ஆடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சியை உண்டாக்கக்கூடும் என்ற வகையிலும் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். பத்திரிகைகள் இதைப் பூதாகரமாக்கின. நம் கணக்கில் அது ஆயிரம் பேரில் ஐந்து என்பது ஆறாவது. எனவே வாரத்தில் ஒரு நாள் சந்திக் கடையில் பீஃப் தின்றவர் கவலைப்பட வேண்டாம். தினமும் ராத்திரி அதையே தின்பவர் குறைத்துக்கொள்ளலாம். நார்ச்சத்து காக்கும் என்ற கருத்தை 1971-இல் டெனிஸ் பர்கிட் முன்வைத்தார். ஆப்பிரிக்காவில் டாக்டராக இருந்து பார்த்ததிலிருந்து வந்த யோசனை. பின்னால் வந்த ஆய்வுகளும் முழுத் தானியத்தின் பக்கமே சாய்கின்றன. சம்பா அரிசிச் சோறு, பயறு, அவியல், முருங்கைக்கீரைத் துவரன், மட்டிப்பழம் என்று நம் வீட்டுச் சாப்பாட்டில் குறை ஒன்றுமில்லை. அது வீட்டிலேயே குறைந்துகொண்டு வருவதுதான் குறை.

மண்ணைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. மணவாளக்குறிச்சி முதல் மேற்குக் கடற்கரையில் பல இடங்களில் மோனசைட் கலந்த கருமணல். அதில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். கடலோரத்தில் யாருக்குப் புற்று வந்தாலும் மணலைத்தான் முதலில் சொல்வார்கள். இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஏறக்குறைய 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. 2009-இல் வெளியான முடிவு: வீட்டைச் சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சு கூடியதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணலைத் தோண்டும் திட்டத்துக்கு மக்கள் தெரிவிக்கும் எதிர்ப்புக்கு இது பதில் ஆகாது. கிடக்கிற மணல் வேறு, தோண்டிப் பிரித்துக் குவிப்பது வேறு. ரத்தம் போகிறவர் மணலைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது என்பதற்கு மட்டும் இந்த ஆய்வு போதும்.

எந்தச் சோதனை, எங்கே

தொந்தரவு இல்லாத, குடும்ப வரலாறும் இல்லாத 45, 50 வயதுக்காரருக்கு எளிய வழி ஃபிட் சோதனை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு குச்சியால் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். பழைய முறைச் சோதனை போல இறைச்சியை நிறுத்த வேண்டியதில்லை. வருடம் ஒரு முறை செய்ய வேண்டும். ரத்தம் கண்ணாலேயே பார்த்தவருக்கு இந்தச் சோதனை எதற்கு? அவர் நேரே கொலனோஸ்கோப்பிக்குப் போக வேண்டியவர். மாஸ்டர் செக்கப் பட்டியலில் சி.இ.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து ‘கேன்சர் டெஸ்ட்’ என்பார்கள். நோய் உறுதியானவரைத் தொடர்ந்து கவனிக்க அது உதவும். நோயைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது. ஆரம்பப் புற்றில் சரியாகவே இருக்கும், பீடி குடிப்பவருக்குச் சும்மாவே கூடியிருக்கும்.

அரசு முகாம்களில் வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கிறார்கள். குடல் அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் வீட்டுக்கு வந்து கூப்பிட மாட்டார்கள், நாமே போய்க் கேட்க வேண்டும்.

புதுக்கடைக்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம், நெய்யூர் ஒரு பக்கம், எல்லை தாண்டினால் 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். தமிழ்நாட்டோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. இரண்டு வருடத்தில் எல்லை மாறி நாம் தமிழ்நாடு ஆனோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மட்டும் இன்னும் வடக்கே பார்த்துத்தான் இருக்கிறது. போவதில் தவறில்லை. ஆனால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று அட்டையைக் காட்டிக் கவுண்டரில் கேட்டுவிட்டு அட்மிட் ஆகுங்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி ஸ்லைடும் மெழுகுக் கட்டியில் பதித்த பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் சதை எடுக்க வேண்டிவரும்.

கொலனோஸ்கோப்பி என்றால் பலரும் பயப்படுவது குழாய்க்கு. உண்மையில் பாடு முந்தைய நாள்தான். ஐந்து, ஆறு நாளுக்கு முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரும் சர்க்கரை மருந்து எடுப்பவரும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தக்காளி, கொய்யா, வெள்ளரி மாதிரி விதையுள்ளவை வேண்டாம். முந்தைய நாள் கஞ்சித் தெளிவு, இளநீர், பாலில்லாத கட்டன் சாயா. சாயங்காலம் பொடி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குமட்டினால் குளிர வைத்துக் குடியுங்கள். கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருப்பீர்கள். கடைசியில் போவது கலங்கலோ துகளோ இல்லாமல் வெளிர் மஞ்சள் தண்ணீராக இருந்தால் குடல் தயார். கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தால் காலையில் போனதுமே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போடுவதால் கூட ஒருவர் வர வேண்டும், அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது. சோதனை முடிய அரை மணி நேரம் போல ஆகும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். குழாய் சீக்கம் வரை, அதாவது வலப்பக்கத் தொடக்கம் வரை போனதா என்று எழுதியிருக்க வேண்டும். குடல் சுத்தம் எப்படி இருந்தது என்பதும் இருக்க வேண்டும். பாஸ்டன் அளவுகோல் என்று 9-க்கு மதிப்பெண் போடுவார்கள், மூன்று பகுதிக்கும் குறைந்தது இரண்டிரண்டாவது வர வேண்டும். சீக்கம் எட்டவில்லை, சுத்தம் போதவில்லை என்றால் ‘நார்மல்’ என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. மறுபடியும் எப்போது என்று கேளுங்கள். எல்லாம் சரி, குடும்ப வரலாறும் இல்லை என்றால் அடுத்தது பத்து வருடம் கழித்து. பாலிப் எடுத்திருந்தால் அதன் எண்ணிக்கை, அளவு, வகை பார்த்துத் தேதி சொல்வார்கள்; ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்த அடினோமாவுக்கு வழக்கமாக மூன்று வருடம். அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் ரிப்போர்ட் மேலேயே எழுதி, ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருக்கும் கவரில் போட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.